பிச்சாவரம்: வெள்ளம் பார்த்துக் கிளம்புங்கள்

துடுப்புப் படகு கரையை விட்டுக் கால் மணி நேரம் ஆகியிருந்தது. அகலமான கழியைக் கடந்து, இரண்டு பக்கமும் மரங்கள் நெருங்கிவரும் கால்வாய்க்குள் நுழைந்ததும் படகோட்டி துடுப்பை உள்ளே இழுத்துப் போட்டுவிட்டார். ஏறுகிற தண்ணீரே படகைத் தள்ளிக்கொண்டு போயிற்று. தலைக்கு மேல் கிளைகள் கோத்துக்கொண்டன. சுரபுன்னையின் தாங்கு வேர்கள் நண்டுக் கால்களைப் போல வளைந்து தண்ணீருக்குள் இறங்கியிருந்தன. அந்த வேர்களில் முந்தின வெள்ளம் விட்டுப்போன ஈரக்கோடு, அப்போதைய தண்ணீர் மட்டத்துக்கு நாலு விரல் மேலே தெரிந்தது. இன்னும் நாலு விரல் ஏறும் என்று அர்த்தம்.

படகில் ஆறு பேர். முன்பக்கம் தாத்தா மடியில் உட்கார்ந்திருந்த சிறுமி, எட்டும் தூரத்தில் வந்த ஒரு கிளையைப் பிடிக்கக் கை நீட்டினாள்.

"பாப்பா, கைய உள்ள எடு!"

அதுவரை மெதுவாகவே பேசிக்கொண்டிருந்த படகோட்டி போட்ட சத்தத்தில் எல்லோரும் திரும்பினார்கள். "ஒண்ணுமில்லம்மா, பயப்படாதீங்க. அது தில்லை மரம். கிளைய ஒடிச்சா பால் வடியும். கண்ணுல பட்டா பார்வைக்கே ஆபத்து."

"எந்தத் தில்லை? சிதம்பரம் தில்லையா?" என்றார் தாத்தா.

"அதே தில்லைதான் ஐயா. ஊருக்குப் பேரு அங்க, மரம் இங்க."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. ஒரு மீன்கொத்தி குறுக்கே போயிற்று.

இதே கால்வாய்க்கு, சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாதச் சனிக்கிழமை நண்பகலில், குடும்பத்தோடு வந்திருக்கிறேன். அன்று தண்ணீர் வற்றிக் கிடந்தது. படகு இந்த வாய்க்காலுக்குள் நுழையவே இல்லை. உச்சி வெயிலில் பெரிய கழியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "இவ்வளவுதானா?" என்ற குழந்தைகளின் கேள்வியோடு கரையேறினோம். காடு அப்போதும் இதே காடுதான். நாங்கள்தான் கடிகாரத்தைப் பார்த்துக் கிளம்பினோம், தண்ணீரைப் பார்க்கவில்லை.

விடுமுறை வந்தால் சென்னையிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் திருச்சியிலிருந்தும் கார்கள் வரிசை கட்டும் இடம் பிச்சாவரம். கைப்பேசியில் படம் பார்த்துக் கிளம்புகிறவர்கள் அநேகம். அவர்களில் பலர் காட்டைப் பார்க்காமலே திரும்புகிறார்கள் என்பதுதான் வருத்தம். ஒரு நாள் போதும். ஆனால் அந்த ஒரு நாளைத் திட்டமிட, இந்தக் கழி எப்படி இயங்குகிறது என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

மணல் திட்டுக்குப் பின்னால் ஒரு காடு

வடக்கே வெள்ளாறு கடலில் சேரும் முகத்துவாரம். தெற்கே கொள்ளிடத்தின் முகத்துவாரம். இரண்டுக்கும் நடுவே, சிதம்பரத்திலிருந்து சுமார் 15 கிலோமீட்டரில், சிறு தீவுகளும் அவற்றைப் பிரிக்கும் எண்ணற்ற வாய்க்கால்களுமாக விரிந்து கிடக்கிறது பிச்சாவரம். வங்காள விரிகுடாவின் அலை நேராக இங்கே வந்து மோதுவதில்லை. நடுவில் நீளமான மணல் திட்டு ஒன்று படுத்திருக்கிறது. அலை அந்தப் பக்கம் உடைந்துவிடும். முகத்துவாரம் வழியாக உள்ளே வருவது கடலின் ஏற்றமும் வற்றமும் மட்டும்தான். நீச்சல் தெரியாதவர்களும் முதியவர்களும் துடுப்புப் படகில் ஏறிப்போக முடிவது இந்த மறைவினால்தான்.

அலை மோதாத இடத்தில் வண்டல் படியும். வண்டல் படிந்த இடத்தில் வெண்கண்டலும் சுரபுன்னையும் தில்லையும் காலூன்றும். காலூன்றிய மரங்களின் வேர்கள் இன்னும் வண்டலைப் பிடித்து வைக்கும். மணல் திட்டு காட்டைக் காக்கிறது, காடு கரையைக் காக்கிறது.

[பெட்டிச் செய்தி] பிச்சாவரம்: சில விவரங்கள்

● கடலூர் மாவட்டம், கிள்ளை அருகே உள்ள காப்புக்காடு. 2022இல் ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. பரப்பு சுமார் 1,478 ஹெக்டேர்.

● தமிழ்நாட்டின் முதல் ராம்சர் இடம் கோடியக்கரை, 2002இல் வந்தது. அடுத்த அறிவிப்புக்கு மாநிலம் இருபது ஆண்டுகள் காத்திருந்தது. 2022இல் வந்த முதல் பட்டியலில் பிச்சாவரத்தோடு கரிக்கிலியும் பள்ளிக்கரணையும் இருந்தன.

● தமிழ்நாட்டின் மொத்த அலையாத்திக் காடு, 2021 வன அறிக்கைப்படி, 45 சதுர கிலோமீட்டர் மட்டுமே. நாட்டின் மொத்தப் பரப்பான 4,992 சதுர கிலோமீட்டரில் இது நூற்றில் ஒரு பங்கும் இல்லை.

● சுரபுன்னைக் குடும்பத்தில் இரண்டு இனங்கள் கலந்து பிறந்த ஒரு மரம் இங்கேதான் முதலில் கண்டறியப்பட்டது. அண்ணாமலைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கதிரேசன் அதை விவரித்து, பல்கலைக்கழகத்தின் பெயரையே அதற்கு வைத்தார்: ரைசோபோரா அண்ணாமலையானா.

● எம்.ஜி.ஆர். நடித்த 'இதயக்கனி' (1975) இங்கே படமாக்கப்பட்டது. ஊர்க்காரர்கள் இன்றும் காட்டுகிற அடையாளம் அதுதான்.

எந்த மாதம், எந்தத் திதி, எந்த மணி?

முதலில் மாதம். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை போகும். அந்த மழையிலும், கொள்ளிடத்தில் தண்ணீர் வரும் காலத்திலும் கழி நிறைகிறது, உப்பு குறைகிறது, மரங்கள் தெளிகின்றன. கூடவே புயல் எச்சரிக்கையும் வரும். எச்சரிக்கை வந்தால் படகு நிற்கும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்ததை இந்த மாவட்டம் மறக்கவில்லை. அதனால் நவம்பர், டிசம்பரில் வருகிறவர்கள் வானிலை அறிவிப்பைப் பார்த்து, முதல் நாளே படகுத்துறைக்குத் தொலைபேசியில் கேட்டுவிட்டு வர வேண்டும். மழை ஓய்ந்த ஜனவரியும் பிப்ரவரியும்தான் என் தேர்வு. வலசை வந்த பறவைகள் இருக்கும், வெயில் கடுமை இருக்காது, தண்ணீரும் இருக்கும். மே மாதத்தில் பள்ளி விடுமுறை என்பதைத் தவிர வேறு நன்மை எதுவும் எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது திதி. சுற்றுலாப் போக யாரும் பஞ்சாங்கம் பார்ப்பதில்லை. இங்கே பார்க்க வேண்டும். கடல் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றுகிறது. ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த வற்றத்துக்கும் நடுவே ஆறு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். ஒவ்வொரு நாளும் அந்த நேரம் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப் போகும். இன்று காலை எட்டு மணிக்கு வெள்ளம் நிறைந்தால், நாளை ஒன்பதுக்குக் கொஞ்சம் முன்னால். ஒரு வாரத்தில் காலை வெள்ளம் பிற்பகலுக்குப் போய்விடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஏற்றமும் பலமாக இருக்கும், வற்றமும் பலமாக இருக்கும். அட்டமி, நவமியை ஒட்டி இரண்டும் மந்தம்.

நம் கிழக்குக் கரையில் இந்த ஏற்ற இறக்கமே பெரிதல்ல. பிச்சாவரத்தில் ஒரு மீட்டருக்கும் குறைவுதான். ஆனால் உள் வாய்க்கால்கள் பலவற்றில் ஆழமும் முழங்கால் அளவுதான். அங்கே ஒரு முழம் தண்ணீர் ஏறுவதும் வற்றுவதும்தான் படகு போகுமா போகாதா என்பதைத் தீர்மானிக்கிறது. கோடையில் முகத்துவாரத்தில் மணல் சேரும்போது இன்னும் மோசம்.

அப்படியானால் வற்றம் வீண் நேரமா? இல்லை. இதைத்தான் பெரும்பாலோர் தவறவிடுகிறார்கள். வெள்ளம் ஏறும்போது மரங்களுக்கு நடுவே போகலாம். வற்றும்போது சேறு தன் குடியிருப்பைத் திறந்து காட்டும். வெண்கண்டலின் மூச்சு வேர்கள் ஆயிரக்கணக்கில், பென்சிலை நட்டு வைத்தது போல, சேற்றிலிருந்து நிமிர்ந்து நிற்பது அப்போதுதான் தெரியும். காற்றில்லாத சேற்றுக்குள் இருக்கும் வேருக்கு மூச்சு இந்த வழியாகத்தான் போகிறது. ஒரு கொடுக்கு மட்டும் பெருத்த சின்ன நண்டுகள் அதை ஆட்டி ஆட்டி அழைக்கும். சேற்றின் மேல் தாவித் தாவிப் போகும் மீன்களைப் பார்க்கலாம், தண்ணீருக்கு வெளியே கண்ணை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். மடையானும் சின்னக் கொக்கும் பந்திக்கு வந்தது போல வரிசையாக நிற்கும்.

ஆகவே என் யோசனை: வெள்ளம் நிறைய ஒரு மணி நேரம் இருக்கும்போது படகு ஏறுங்கள். ஏற்றத்தோடு உள்ளே போய், தண்ணீர் திரும்பும் நேரத்தில் வெளியே வாருங்கள். பிறகு உடனே காரில் ஏறிவிடாமல் காட்சிக் கோபுரத்திலோ கரையிலோ இரண்டு மணி நேரம் பொறுத்திருந்து, அதே இடம் வற்றுவதைப் பாருங்கள். துறைமுகங்களுக்கான ஓத அட்டவணை இணையத்தில் கிடைக்கும். நாகப்பட்டினத்துக்கு உள்ளதைப் பார்த்துக்கொண்டு, கழிக்குள் வெள்ளம் சற்றுத் தாமதமாகவே வரும் என்பதையும் கணக்கில் வையுங்கள். எல்லாவற்றையும்விட நல்ல வழி, படகுத்துறையில் கேட்பது. "அண்ணே, நாளைக்கு எப்போ வெள்ளம்?" என்று கேட்டால் அவர்கள் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். கட்டணம் எவ்வளவு என்பதைத் தவிர வேறு கேள்வி அவர்கள் காதில் அதிகம் விழுவதில்லை.

மூன்றாவது, மணி. சென்னையிலிருந்து சிதம்பரம் சாலை வழி ஏறக்குறைய 230 கிலோமீட்டர். காலை ஆறு மணிக்குக் கிளம்பி, வழியில் சாப்பிட்டு, புதுச்சேரி நெரிசலைத் தாண்டி வந்தால் படகுத்துறையில் நிற்கும்போது வெயில் உச்சிக்கு வந்திருக்கும், வரிசையும் நீண்டிருக்கும். முதல் நாள் இரவே சிதம்பரம் வந்து தங்கிவிடுவது நல்லது. புதுச்சேரிக்காரர்களுக்கு அந்தச் சிரமம் இல்லை, சுமார் 65 கிலோமீட்டர்தான். சிதம்பரத்திலிருந்து நகரப் பேருந்து உண்டு, ஆட்டோவும் உண்டு. கடலூர் - சிதம்பரம் ரயில் பாதையில் கிள்ளை என்றே ஒரு நிலையம் இருக்கிறது. பயணிகள் ரயிலில் வந்து இறங்குகிறவர்கள் குறைவு. ஆனால் வயல்களையும் உப்பங்கழியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு வர அதைவிட நல்ல வழி இல்லை.

துடுப்பா, மோட்டாரா?

தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத்துறையில் இரண்டும் உண்டு. மோட்டார் படகு விரைவானது, கூட்டமாக வந்தவர்களுக்கு வசதி, திறந்த கழியில் தூரமாகப் போய் மணல் திட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கலாம். துடுப்புப் படகு மெதுவானது. வேர்களுக்கு அருகே போவது அதுதான்.

வசதியை மட்டும் பார்த்து இதை முடிவு செய்யக் கூடாது என்று நினைக்கிறேன். மோட்டார் ஓடும் வாய்க்காலில் படகின் பின்னால் எழும் அலை கரையில் போய் அடிக்கிறது. ஒரு படகின் அலை ஒன்றும் செய்யாது. நாள் முழுக்க, வாரம் முழுக்க அடித்தால் வேருக்கடியில் வண்டல் கரைகிறது. அலை மோதாததால் உருவான காட்டுக்குள் நாமே அலையைக் கொண்டுபோகிறோம்.

அந்தத் தண்ணீரில் மனிதர்களும் இருக்கிறார்கள். காலை நேரத்தில் கழுத்தளவு நீரில் தலைகள் மட்டும் தெரிய நகர்ந்துகொண்டிருப்பதைப் பார்த்தால், அவர்கள் இருளர்கள். வலை இல்லை, படகு இல்லை. இரண்டு கைகளாலும் அடிச்சேற்றைத் தடவித் தடவி இறாலைப் பிடித்து, பல்லால் கடித்துக்கொண்டிருக்கும் பனையோலைப் பறியில் போடுவார்கள். பெண்களும் இந்த வேலை செய்கிறார்கள். மணிக்கணக்காக உப்பு நீரில் நின்று, நண்டின் கொடுக்குக்கும் சிப்பியின் விளிம்புக்கும் விரலைக் கொடுத்துச் சம்பாதிக்கிற சோறு அது. பக்கத்தில் ஒரு மோட்டார் படகு கடந்தால் அந்த அலை அவர்கள் வாயளவுக்கு வரும். படகிலிருந்து கைப்பேசியை நீட்டி அவர்களைப் படம் எடுப்பதையும் பார்த்தேன். எடுக்காதீர்கள். அது அவர்கள் வேலை செய்யும் இடம்.

உள் வாய்க்கால்களில் எதற்குள் போகலாம், எதற்குள் கூடாது என்பது வனத்துறை சொல்வதைப் பொறுத்தது, காலத்துக்குக் காலம் மாறும். "கொஞ்சம் கூடக் கொடுக்கிறோம், இன்னும் உள்ளே கூட்டிப் போங்க" என்று படகோட்டியை நெருக்குவது அவர் பிழைப்பையும் ஆபத்தில் வைக்கிறது, பறவைகள் கூடு வைத்திருக்கும் இடத்தையும் கலைக்கிறது. உயிர்காப்பு உடுப்பைக் கரையில் வாங்கிப் படகில் கழற்றி வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஆழம் குறைவு என்பது உண்மைதான். ஆனால் அடியில் இருப்பது தரை அல்ல, சேறு. கால் புதைந்தால் நீச்சல் தெரிந்தவருக்கும் சிரமம்.

[பெட்டிச் செய்தி] பையில் என்ன?

● எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர். மெல்லிய பிளாஸ்டிக் பாட்டில் கை தவறினால் வேர்களுக்குள் போய் மாட்டிக்கொள்ளும். யாரும் எடுக்க முடியாது.

● தொப்பி அல்லது துண்டு. திறந்த கழியில் நிழல் கிடையாது. கிளைகள் கூடும் இடத்துக்குப் போகும்வரை வெயில்தான்.

● நனைந்தால் கவலையில்லாத செருப்பு. முழங்காலுக்கு மேல் மடிக்க முடிகிற உடை.

● ஒரு சிறு தொலைநோக்கி. இருந்தால் பறவைகளுக்கு நீங்கள் அருகே போக வேண்டியதில்லை.

● படகு ஏறுமுன் குழந்தைகளும் பெரியவர்களும் கழிவறை போய் வந்துவிடுங்கள். நடுவில் வழியில்லை.

● எந்தக் கிளையையும் ஒடிக்க வேண்டாம். ஒடித்துக் கையில் பால் பட்டுவிட்டால் கண்ணைத் தேய்க்காமல், நல்ல தண்ணீரில் உடனே கழுவுங்கள். கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே மருத்துவரிடம் போக வேண்டும்.

வெட்டினார்கள், வளரவில்லை

படகில் போகும்போது சில இடங்களில் காட்டுக்குள் நேராகப் போகும் வாய்க்கால்களைக் காணலாம். இயற்கை நேர்கோடு போடாது. அவை மனிதர் வெட்டியவை. அந்தக் கதை தெரியாமல் பிச்சாவரத்தைப் பார்த்ததாகச் சொல்ல முடியாது.

வெள்ளையர் ஆட்சிக் காலம் தொடங்கி 1970கள் வரை இந்தக் காடு விறகுக்காகவும் கட்டைக்காகவும் பகுதி பகுதியாக மொட்டையடிக்கப்பட்டது. வெட்டிய இடம் தானாக மீண்டும் வளரும் என்பதுதான் கணக்கு. வளரவில்லை. பழி ஊர் மக்கள் மேலும் அவர்களுடைய மாடுகள் மேலும் விழுந்தது. 1990களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் இங்கே மண்ணைப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. மரம் போன இடத்தில் வெயில் நேராகச் சேற்றில் விழுந்தது. சேற்றின் ஈரம் போய், மண் அமிழ்ந்து, நடுவில் தட்டு போலக் குழிந்துவிட்டது. வெள்ளம் ஏறும்போது அந்தக் குழிக்குள் வந்த உப்புத்தண்ணீர் வற்றும்போது வெளியேற வழியில்லாமல் தேங்கியது. தேங்கி ஆவியாகி, உப்பு ஏறி ஏறி, வெண்கண்டலே தாங்க முடியாத அளவுக்குப் போயிற்று. உப்பை இலை வழியாகக் கக்கிவிடக்கூடிய மரம் அது.

செய்த வைத்தியம் எளியது. நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், அதிலிருந்து இரண்டு பக்கமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள். மேலிருந்து பார்த்தால் மீனின் முள் மாதிரி. கடலின் ஏற்றமும் வற்றமும் மறுபடி உள்ளே வந்து போகத் தொடங்கின, தேங்கிய உப்பு கழுவிப் போயிற்று. பிறகு நட்ட கன்றுகள் பிழைத்தன. அந்தந்த ஊர் மக்களையும் வனத்துறையையும் சேர்த்தே இந்த வேலை நடந்தது. இன்று இந்தியாவின் மற்றக் கடற்கரைகளில் அலையாத்தி வளர்க்கிறவர்கள் இந்த மீன்முள் வாய்க்காலைத்தான் பின்பற்றுகிறார்கள்.

சுரபுன்னை விதை மரத்திலேயே முளைத்து முருங்கைக்காய் மாதிரி தொங்கும். படகில் போகும்போது ஒன்றைப் பறித்து வீட்டுக்குக் கொண்டுபோக ஆசை வரும். நட்டு வளர்க்கலாம் என்று நினைத்து ஒருவர் நான்கைந்தைப் பையில் போட்டதைப் பார்த்தேன். வேளச்சேரித் தொட்டியில் அது வளராது. இங்கே விழுந்தால் சேற்றில் குத்தி நின்றுகொள்ளும், அல்லது மிதந்துபோய் வேறொரு சேற்றைத் தேடிக்கொள்ளும்.

2004 டிசம்பர் 26

மணல் திட்டின் மேல் எம்.ஜி.ஆர். திட்டு என்று ஒரு மீனவர் குடியிருப்பு இருந்தது. கடலுக்கும் கழிக்கும் நடுவே, மீன்பிடிக்க வசதியான இடம். ஞாயிற்றுக்கிழமை காலை வந்த பேரலையில் அந்தக் குடியிருப்பு அழிந்தது. தப்பியவர்கள் கழிக்கு இந்தப் பக்கம், கிள்ளைப் பகுதிக்குக் குடிபெயர்ந்தார்கள்.

திட்டின் மேல் நின்ற வீடுகளுக்கு நடந்தது அது. காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு என்பதை ஆய்வாளர்கள் உடனே கவனித்தார்கள். கடலூர் மாவட்டத்தை வைத்து 2005இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு, மரங்கள் அடர்ந்த இடங்களின் பின்னால் இருந்த ஊர்கள் தப்பியதைக் காட்டியது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டை கடல் உயிரியல் மையத்திலிருந்து கதிரேசனும் ராஜேந்திரனும் 18 மீனவக் குடியிருப்புகளை ஒப்பிட்டார்கள். அவர்கள் வந்த முடிவும் அதுவே. இதை மறுத்தவர்களும் உண்டு. அதே தரவுகளை மறுபடி கணக்கிட்டு, கடலிலிருந்து தூரமும் தரையின் உயரமுமே பெரும்பாலும் காரணம், மரத்துக்கு இவ்வளவு பெருமை கொடுக்க முடியாது என்றார்கள். அந்த வாதத்தை ஒதுக்கிவிடக் கூடாது. காடு இருக்கிறது என்ற தைரியத்தில் கடலோரம் வீடு கட்டச் சொல்வது உயிரோடு விளையாடுவது. ஆனால் தூரமும் உயரமும்கூட, மரம் வண்டலைப் பிடித்து வைத்த இடத்தில்தான் மிஞ்சுகின்றன என்பதைக் கழியில் ஒரு முறை போய் வந்தவர் கண்ணால் பார்க்கலாம்.

டிசம்பர் கடைசி வாரம் பள்ளி விடுமுறை, கூட்டம் அதிகம். 26ஆம் தேதி நீங்கள் வருவதானால் ஒன்று தெரிந்திருக்கட்டும். இறந்தவர்களுக்கு அஞ்சலி செய்ய இந்த ஊர் மக்கள் மலரோடு படகேறி எம்.ஜி.ஆர். திட்டுக்குப் போகிற நாள் அது. பாட்டு வைத்துக்கொண்டு கழியைச் சுற்ற வேண்டிய நாள் அல்ல.

நம் வீட்டுக் குழாயும் இந்த வேரும்

அலையாத்தி உப்பு நீரில் வாழும், உண்மை. ஆனால் உப்பு நீரில் மட்டுமே வாழ்ந்தால் தளரும். ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் இடம்தான் அதன் வீடு. நன்னீர் குறையக் குறைய, உப்பை அதிகம் தாங்கும் வெண்கண்டல் பெருகி, மற்றவை ஒதுங்கும். பிச்சாவரத்தில் இன்று எங்கு பார்த்தாலும் வெண்கண்டலே கண்ணில் படுவதற்கு இது ஒரு காரணம். படகுத்துறையைச் சுற்றிச் சுரபுன்னையைப் பார்த்து வியக்கிறோம். உள்ளே போகப் போக, வெண்கண்டல்தான் காடு.

அந்த நன்னீர் எங்கிருந்து வர வேண்டும்? மேட்டூரிலிருந்து காவிரியாக வந்து, முக்கொம்பில் பிரிந்து, கொள்ளிடமாக இறங்கி, அணைக்கரையில் தேங்கி, மிஞ்சியதுதான் முகத்துவாரம் வரும். அணைக்கரையிலிருந்து வடவாறு வழியாக வீராணம் ஏரிக்குத் தண்ணீர் போகிறது. 2004 முதல் வீராணத்திலிருந்து சென்னைக்குக் குடிநீர் வருகிறது. வயல்களின் வடிநீர் கான்சாகிப் கால்வாய் போன்ற வழிகளில் பிச்சாவரத்துக்கு வந்து சேர்கிறது. குடிநீரும் வேண்டும், சம்பா நடவும் வேண்டும். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் "கடலில் வீணாகக் கலக்கிறது" என்று நாம் சொல்லும் தண்ணீரை இங்கே ஒரு காடு குடித்துக்கொண்டிருக்கிறது. சென்னையிலிருந்து கார் எடுத்து வந்து இந்த நிழலில் அரை மணி நேரம் உட்கார்ந்தவர், ஊர் திரும்பி அந்த வார்த்தையை எழுதுமுன், சொல்லுமுன் கொஞ்சம் யோசிக்க மாட்டாரா என்பதுதான் இந்தக் கட்டுரையை எழுத என்னை உட்கார வைத்த எண்ணம்.

படகு கரையேறிய பிறகு

பத்தரை, பதினொன்றுக்குப் படகு முடிந்தால் நாளில் பாதி மிச்சம். நேரே சிதம்பரம் நடராசர் கோயிலுக்கு ஓடுவது பலர் வழக்கம். நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள், பிறகு மாலைதான். ஆகவே அவசரம் வேண்டாம். கரையோரக் கடைகளில் இறாலும் நண்டும் சூடாகக் கிடைக்கும். சைவம் என்றால் சிதம்பரத்தில் சம்பா சாதமும் கத்தரிக்காய் கொத்சுவும் கேட்டு வாங்குங்கள்.

பிற்பகலில் பரங்கிப்பேட்டைக்கு ஒரு நடை போகலாம். வெள்ளாற்றின் கரையில் பழைய துறைமுக ஊர். 1781 ஜூலை 1 அன்று ஹைதர் அலியின் படையும் அயர் கூட்டின் ஆங்கிலப் படையும் மோதிய இடம். மாசி மகத்தன்று வந்தீர்களானால் வேறெங்கும் போக வேண்டாம், கிள்ளையிலேயே இருங்கள். திருமுட்டம் பூவராகப் பெருமாள் அன்று தீர்த்தவாரிக்குக் கிள்ளைக் கடற்கரைக்கு வருவார். அங்கே தர்காவின் முன்னால் முஸ்லிம்கள் அவரை வரவேற்று மரியாதை செய்வார்கள், பதிலுக்குப் பெருமாளின் மாலையும் பிரசாதமும் தர்காவுக்குப் போகும். சாலை முழுக்கக் கூட்டம் நிற்கும், படகு கிடைப்பது அரிது. ஆனால் அந்த நாளை யாரும் தவறவிட்ட நாளாக நினைக்க மாட்டார்கள்.

நான் போன அன்று மாசி மகம் இல்லை. பதினோரு மணிக்குக் கரையில் நின்றுகொண்டிருந்தேன். தண்ணீர் திரும்பிவிட்டது. காலையில் பார்த்த ஈரக்கோடு இப்போது வேரில் ஒரு சாண் உயரத்தில், வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. இரண்டு வேன்கள் வந்து நின்றன. இறங்கிய பெரியவர் ஒருவர் சீட்டு வாங்கும் வரிசையைப் பார்த்துவிட்டு, படகைக் கழுவிக்கொண்டிருந்தவரிடம் வந்தார்.

"தம்பி, உள்ள வரைக்கும் போகலாமா?"

"இப்ப வத்திக்கிட்டிருக்கு ஐயா. பெரிய கழியில போயிட்டு வரலாம். உள்ள போகணும்னா நாலு மணிக்கு மேல வாங்க, கடைசிப் படகுக்கு முன்னாடி. வெள்ளம் ஏறத் தொடங்கிடும்."

பெரியவர் வேனைத் திரும்பிப் பார்த்தார். உள்ளேயிருந்து பிள்ளைகள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். "அதுவரைக்கும் இவங்கள என்ன பண்ண?" என்றார்.

படகோட்டி கழுவுவதை நிறுத்திவிட்டு, வற்றத் தொடங்கியிருந்த கரைச் சேற்றைக் கை காட்டினார். முதல் நண்டு வளைக்கு வெளியே வந்திருந்தது.